கூடையில் மிஞ்சிய செருப்பு

எங்கள் படகில் ஏறுகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தளம் வெள்ளைத் தளம், மணலும் அழுக்கும் ஏறினால் தேய்த்துக் கழுவுகிறவன் நான். எல்லாருடைய செருப்பும் ஏணிப் பக்கத்தில் இருக்கும் பெரிய கூடைக்குள் போய்விடும். சாயங்காலம் எங்கள் தீவின் காஸ்ட்ரீஸ் துறையில் இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் அந்தக் கூடையை யாரும் தொடுவதில்லை.

என் பொறுப்பு வேறு. நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு, முகமூடி, மூச்சுக்குழல், காற்று ஊதும் மிதவைச் சட்டை. பதினெட்டு வருஷமாக இதே வேலை. பள்ளிக்கூடம் மூன்று வருஷம்தான் போனேன், ஆனால் எண்ணத் தெரியும். கொடுத்தது எத்தனை, வந்தது எத்தனை, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதிலும் போட்டிப் படகுக்காரன் ஆந்துவானுடைய ஆட்கள் மேல் துளிகூடக் கிடையாது. அவனுடையதும் எங்களைப்போலவே வெள்ளைக் கட்டமரான் படகு, அடியில் அதே இரண்டு வயிறு, முன்னால் படுத்துக்கொள்ள அதே வலை. துடுப்புகூட ஒரே கடையில் வாங்கிய நீலத் துடுப்பு. என் நல்ல துடுப்புகள் அவன் படகுக்குப் போய், அவனுடைய இற்றுப்போன துடுப்புகள் என் தொட்டிக்கு வந்து சேரும். இரண்டு தடவை துறையில் வைத்தே அவன் ஆட்களோடு சண்டை போட்டேன். நிரூபிக்க முடியவில்லை. போன மழைக்காலத்தில் ஓர் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, என் துடுப்பு ஒவ்வொன்றின் குதிகால் பட்டையிலும் ஒரு துளை போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு எங்களோடு முப்பத்தொரு பேர். முக்கால்வாசிப் பேர் பெரிய கப்பலிலிருந்து இறங்கியவர்கள், கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும். சூஃப்ரியேரில் சேற்றுக்குளியல், சாப்பாடு எல்லாம் முடித்துத் திரும்பும் வழியில் ஆன்ஸ் கலே வளைகுடாவில் நின்றோம். அங்கேதான் மீன் பார்க்கத் தண்ணீரில் இறக்குவோம். பக்கத்து மிதவையில் ஆந்துவானின் படகும் கட்டியிருந்தது.

சாமான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், ஒல்லி, மூக்கில் வெயில்படாமல் வெள்ளையாக எதையோ பூசியிருந்தாள். காலையிலிருந்தே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள். படகு எவ்வளவு பழசு, தண்ணீர் எவ்வளவு ஆழம், சுறா உண்டா. எனக்கு அலுத்துப்போயிருந்தது. மிச்சமிருந்த மிதவைச் சட்டை இரண்டு. ஒன்று நல்லது. இன்னொன்று பதினாலாம் நம்பர், நானே பசை போட்டு ஒட்டியது. பதினாலை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், அவள் கேள்வி கேட்டாள், அதனால்தான். வேறு காரணம் இல்லை.

"ஒட்டுப் போட்டிருக்கே, இது தாங்குமா?"

"என் முட்டியிலயும்தான் டாக்டர் ஒட்டுப் போட்டிருக்காரு. நான் நிக்கலயா?"

அவள் சிரிக்கவில்லை. "நான் தனியா வந்திருக்கேன். திரும்பி வந்துட்டேனான்னு பாக்க எனக்கு ஆளில்ல. நீங்க என்னை எண்ணுவீங்கல்ல?"

"நான் துடுப்பை எண்ணுவேன் அம்மா. ஆளை எண்ணுறது அவ," என்று எங்கள் படகுப் பணிப்பெண் ஷெர்மாவைக் காட்டினேன். ஷெர்மா பழச்சாறில் ரம் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக மழை எழும்பியது. ஜெர்வே சங்கு ஊதினான். அவன் என் அக்கா மகன், எங்கள் கேப்டன். காற்று மாறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவசரம். ஆந்துவானும் அதே நேரத்தில் ஊதினான். எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். துடுப்புகள் என் தொட்டியில் வந்து விழுந்தன. எண்ணினேன், முப்பத்தொரு ஜோடி. ஷெர்மா கூரைக்கடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவர்களை விரலால் எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு."

"எனக்கும் முப்பத்தொண்ணு," என்றேன்.

கயிற்றை அவிழ்த்தோம். மழை அடித்தது. வடக்கே திரும்பினோம். ஆந்துவான் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டான்.

கால் மணி நேரத்துக்குமேல் ஓடியிருப்போம். மழை லேசாகக் குறைந்தது. நான் பின்தளத்தில் உட்கார்ந்து துடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசினேன். ஒவ்வொன்றின் பட்டையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். பாதிவரை வந்திருப்பேன். ஒரு ஜோடியில் துளை இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்கமாட்டேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். துடுப்பைத் தூக்கிக்கொண்டு சுக்கானிடம் ஓடினேன்.

"பாருடா மாப்ள! ஆந்துவான் துடுப்பு! நம்மது அங்க போயிருக்கு. இன்னிக்குக் கையும் களவுமா மாட்டினான்."

ஜெர்வே திரும்பக்கூட இல்லை. "மாமா, மறுபடியும் துடுப்புக் கதையா? கப்பலுக்கு நேரமாச்சு. போய் உக்காருங்க."

"துளை போட்டு வச்சிருக்கேன்டா நான்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"துடுப்புல துளையா? அதான் போன வாரம் ஒருத்தருக்குப் பட்டை அறுந்துச்சா?" என்று பக்கத்தில் நின்ற ஷெர்மா சிரித்தாள். "பெருசு, துடுப்புக்காக அவனை ஜெயில்ல போடவா முடியும்?"

நான் திரும்பிப் பின்தளத்துக்கு வந்தேன். திருடுகிறவன் எப்படித் திருடினான் என்று மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். அவன் ஆட்கள் யாரும் எங்கள் படகில் ஏறவில்லை. நான் தொட்டியை விட்டு நகரவும் இல்லை. ஒவ்வொரு துடுப்பும் ஒவ்வொருவர் காலிலிருந்து கழன்று தொட்டியில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் இந்த ஜோடியும் ஒருவர் காலில்தான் வந்தது. ஆந்துவானின் துடுப்பை மாட்டியிருந்த ஒரு கால்.

துடுப்பைக் கீழே போட்டேன்.

இந்தத் தடவை கத்தவில்லை. ஜெர்வேயின் காதருகே போய்ச் சொன்னேன். "துடுப்பை விடு. நம்ம படகுல ஆந்துவானோட ஆள் ஒருத்தன் இருக்கான்."

"இருந்தா?"

"எண்ணிக்கை சரியா இருக்குடா. வெளி ஆள் ஒருத்தன் கூடுதலா இருந்தும் சரியா இருக்கு. அப்போ நம்ம ஆள் ஒருத்தர் எங்க?"

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான்.

"யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் ஷெர்மா. சிரிப்பு போய்விட்டது. "லிஸ்ட்ல பேர் இருக்கு, மூஞ்சி இல்லயே. முகமூடி மாட்டிட்டு வந்தா எல்லாம் ஒரே மூஞ்சி."

என் பார்வை கூடையில் விழுந்தது. அதைத் தூக்கி வந்து தளத்தின் நடுவில் வைத்தேன்.

"எல்லாரும் அவங்கவங்க செருப்பை எடுங்க. இப்பவே."

"வந்து சேர்ந்துட்டோமா?" என்றார் ஒரு பருத்த மனிதர்.

"எடுங்கன்னா எடுங்க."

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவ்வளவு மெதுவாக மனிதர்கள் செருப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. கூடை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அடியில் ஒரே ஒரு ஜோடி. பழுப்புத் தோல் செருப்பு, சின்னக் கால், குதிகால் உரசாமலிருக்க உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யார் செருப்பு என்று எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கூடைக்கு எதிரே ஒருவன் வெறுங்காலோடு நின்றான். முப்பது வயசு, தோள் வெயிலில் சிவந்து வெந்திருந்தது, கையில் ஷெர்மா கொடுத்த ரம் தம்ளர்.

"என் ஷூ இல்ல," என்றான். "வெள்ளை ஷூ. அதுசரி, என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் எங்க? கீழ தூங்குறாங்களா?"

ஷெர்மா தம்ளரை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். செருப்பு அந்த ஒல்லி அம்மாளுடையது என்றேன், தனியாக வந்தவர் பேரை லிஸ்டில் பார்த்துவிட்டு ஜெர்வே ரேடியோவை எடுத்தான். ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இவன் எங்களிடம் ஏறியதுபோல் அந்த அம்மாள் அவர்களிடம் ஏறியிருக்கலாம்.

"ஆந்துவான், உன் ஆளுங்களை எண்ணு. எங்க படகுல வந்த அம்மா ஒருத்தங்க அங்க இருக்காங்களான்னு பாரு. பேரு எனிட். ஒல்லியா இருப்பாங்க."

"இப்பத்தான் ரெண்டு தடவை எண்ணினோமே. உன் மாமா என்னைத் திருடன்னு சொல்றாரா மறுபடியும்?"

"எண்ணுடா!"

ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. நான் அந்தச் செருப்பைக் கையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை. ஆந்துவான் குரல் வந்தபோது அதில் கேலி இல்லை.

"ஒரு ஆள் குறையுது ஜெர்வே. என் உதவிப் பையன் ஒருத்தரையே ரெண்டு தடவை எண்ணிட்டான். வெள்ளை ஷூ ஒரு ஜோடி கெடக்கு. நீ சொன்ன அம்மா இங்க இல்ல. நானும் திரும்புறேன்."

படகு திரும்பியது. பருத்த மனிதர் கப்பலுக்கு என்ன ஆவது என்று ஆரம்பித்தார். "கப்பல் உங்களை எண்ணும். நாங்கதான் எண்ணத் தெரியாதவங்க, போய் உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார்.

ஜெர்வே இரண்டு இயந்திரத்தையும் முழுசாக முடுக்கினான். அப்படியும் ஆன்ஸ் கலே எட்டவே மாட்டேன் என்றது. ஒட்டுப் போட்ட சட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? வெயிலில் காய்ந்த பசை. அதை ஒட்டிய அன்றைக்கு அரை மணி நேரம் ஊதி வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் பார்க்கவில்லை, சாப்பிடப் போய்விட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டேனா? கேட்கவில்லை. முட்டியைப் பற்றித்தான் பேசினேன்.

"மாமா, எந்தச் சட்டை கொடுத்தீங்க?" என்றான் ஜெர்வே.

"பதினாலு."

அவன் கடலையே பார்த்துச் சுக்கானைப் பிடித்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வளைகுடாவில் யாரும் இல்லை. எங்கள் மிதவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜெர்வே கரையோரமாகச் சுற்றத் தொடங்கினான்.

"இங்க இல்லடா. மத்தியானத்துக்கப்புறம் தண்ணி தெற்கே இழுக்கும். பாறை மூக்கைத் தாண்டிப் போ."

"பாறையிருக்கு மாமா, அலை பாருங்க. கரையில ஏறி நின்னாலும் நின்னிருப்பாங்க. முதல்ல இங்க பாத்துடலாம்."

"கரையில நின்னா காலைவரைக்கும் நிப்பாங்க. தண்ணியில இருந்தா?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினான். ரேடியோவில் ஆந்துவானிடம், "நீ கரையைப் பாரு, நாங்க வெளிய போறோம்," என்றான்.

பாறை மூக்கைத் தாண்டியதும் அலை பெரிதானது. அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கடலடியில் கூடு போடுகிறவர்கள் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களை அடையாளத்துக்கு மிதக்க விட்டிருப்பார்கள். அலைமேல் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு பாட்டிலும் தலைதான். முன்வலையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தேன். "அதோ!" என்று கத்தினேன், பாட்டில். மறுபடி "அதோ!" என்றேன், அதுவும் பாட்டில். பின்னாலிருந்து பயணிகளும் ஆளுக்கொரு பக்கம் கைநீட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். வெறுங்கால் பையன் என் பக்கத்தில் வந்து படுத்தான். அழுதுகொண்டிருந்தான். "நான்தான் தப்பா ஏறிட்டேன்," என்றான். "வாயை மூடிக்கிட்டுப் பாரு," என்றேன்.

அவன் கண்தான் முதலில் பார்த்தது. "அந்தப் பாட்டில் ரெண்டா இருக்கு."

இரண்டில் ஒன்றுக்கு முகமூடி இருந்தது.

ஜெர்வே காற்றுக்கு எதிராகப் படகை நிறுத்தினான். நான் முட்டியை மறந்து ஏணியின் கடைசிப் படிவரை இறங்கினேன். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பதினாலாம் நம்பர் சட்டை நனைந்த துணிபோல் கழுத்தில் ஒட்டிக் கிடந்தது, ஒரு பொட்டுக் காற்று இல்லை. மீன்கூட்டின் பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"விடுங்க அம்மா, நான் பிடிச்சுட்டேன்."

அவள் விடவில்லை. என்னைப் பார்த்தாள், விடவில்லை. அவள் கைவிரல் ஒன்றைக்கூட என்னால் பிரிக்க முடியவில்லை. கத்தியை எடுத்துப் பாட்டிலுக்குக் கீழே கயிற்றை அறுத்தேன். யாருடைய கூடோ, உள்ளிருக்கும் மீனோடு அடியில் போனது. அவளையும் பாட்டிலையும் ஒன்றாக மேலே இழுத்தோம்.

ஷெர்மா துண்டுகளால் சுற்றி உட்காரவைத்தாள், சூடாகக் கோக்கோ கொடுத்தாள். ஜெர்வே ரேடியோவில் சொன்னதும் ஆந்துவான் அந்தப் பக்கத்திலிருந்து சங்கை நீளமாக ஊதினான். நான் அவள் கழுத்திலிருந்து சட்டையைக் கழற்றி, எல்லாரும் பார்க்கக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துப்போட்டேன். பிறகு பழுப்புச் செருப்பைக் கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தேன். எங்கள் சட்டப்படி தளத்தில் செருப்பு கூடாது. குனிந்து நானே மாட்டிவிட்டேன்.

பல் கிட்டிக்கொண்டதால் அவளுக்குப் பேச நேரமானது.

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"முப்பத்தொண்ணு. சரியா இருந்துச்சு."

பாட்டில் இன்னும் மடியில் இருந்தது.

"இப்ப எண்ணுங்க."

எழுந்தேன். இந்தத் தடவை விரலால் எண்ணவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டு எண்ணினேன். வெறுங்கால் பையனையும் தொட்டேன். கடைசியாக அவள் தோள், குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு," என்றேன். "ஒண்ணு கூட."

"இன்னொரு தடவை," என்றாள்.

முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.