தட்டில் ஐந்து ஓட்டை

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வெர்னா தேவாலயத்தில் இருந்த நேரமாகப் பார்த்து எவனோ அவள் வீட்டுப் பின்கதவை உடைத்தான். இறந்துபோன கணவரின் வேட்டைத் துப்பாக்கியையும், ஃப்ரீசரில் இருந்த மான்கறி முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். கறி போனதுதான் வெர்னாவுக்கு ஆத்திரம். லிட்டில் ராக் நகரத்தில் இருக்கும் மகன் ட்வைட்டுக்கோ, பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த சாக்கு கிடைத்துவிட்டது.

"இந்தக் காட்டுல ஒத்தையில கெடந்தது போதும்மா. எழுபத்தோரு வயசாச்சு. உனக்கு ரூமுக்கு பெயின்ட்டே அடிச்சாச்சு, கிளம்பு."

"நான் என்ன சோபாவா, தூக்கிட்டுப் போய் ஒரு மூலையில போடறதுக்கு?"

ஒரு வாரம் போனிலேயே சண்டை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் கைத்துப்பாக்கி சுட முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விருந்துக்குக் குடும்பம் கூடும்போது, ஏழு தப்படி தூரத்தில் மாட்டிய காகிதத் தட்டில் ஐந்து தோட்டா. ஐந்தும் பட்டால் அவள் வீடு அவளுக்கு. ஒன்று தவறினாலும் லிட்டில் ராக்.

அந்த மலைப்பக்கத்தில் பெண்களுக்குச் சுடச் சொல்லித்தருவது என்றால் ராய்ஸ்தான். வெர்னாவின் கொழுந்தன். வசந்தம் வந்தால் சனிக்கிழமைதோறும் தன் மேய்ச்சல் நிலத்தில் இலவசமாக நடத்துவான். தேவாலயத்துப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் போனார்கள். வேறு இடத்துக்குப் போவது, குடும்ப விருந்துக்குக் கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுபோய் வைப்பது மாதிரி. அதனால் வெர்னாவும் போனாள்.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரிவால்வரை ராய்ஸ் அவளிடம் நீட்டினான். பொம்பளைக்குச் சின்னத் துப்பாக்கி. அந்த ஊரில் புருஷன்மார் அத்தனை பேரும் பைபிளுக்கு அடுத்தபடி நம்புவது இதைத்தான். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாகக் கையை உதைக்கும் என்பது சுடுகிறவளுக்குத்தானே தெரியும்! இரண்டே தோட்டாவில் வெர்னாவின் மூட்டுவாதக் கட்டைவிரல் வீங்கிப்போனது. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணி, பேசாம ஒரு நாய் வாங்கிருங்க," என்றான் ராய்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி நடீன் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மணிக்கட்டிலும் ஒரு கட்டு இருந்தது.

வெர்னா வீட்டுக்கு வந்து, ஐஸ் பையில் கையை வைத்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்தாள். இனி சொல்லித்தருகிற ஆளை அவளே தேர்ந்தெடுப்பாள். கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தாள்: பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பை வந்து உட்கார்ந்து பார்க்கலாமா?

டவுனில் இருந்த முதல் ஆள், "அதெல்லாம் வழக்கமில்லைங்க. பிங்க் கலர்ல அழகா ஒரு பிஸ்டல் வந்திருக்கு, பாக்கறீங்களா?" என்றான். இரண்டாவது ஆள் பார்க்கலாம் என்றான். ஆனால் அவனுடைய பாடமே சரளைக்கல்லில் குப்புறப் படுப்பதும் காருக்குப் பின்னால் ஓடுவதும்தான். "தம்பி, நான் குப்புறப் படுத்தா என்னைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது ஒலீட்டா. முப்பது வருடம் மாவட்டச் சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். தனக்கு மூட்டுவாதம் என்று வெர்னா சொன்னதுமே, அவள் கேள்விக்கு முன்பே ஒலீட்டா கேட்டாள்:

"கையில எந்த விரல் வலிக்குது? காலையில ஜாஸ்தியா, சாயங்காலமா?"

இதுவரை ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. வெர்னா ஐஸ் பையிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள்.

"காலையிலதான்."

"அப்ப மத்தியான வகுப்புக்கு வாங்க. சும்மா உக்காந்து பாருங்க. காபி இருக்கு."

போய்ப் பார்த்தாள். ஆறு பெண்கள், ஒருத்தி நடக்க உதவும் வாக்கரோடு. முதல் இரண்டு மணி நேரம் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. எந்தக் கதவைப் பூட்டுவது, எங்கே ஒதுங்குவது, போலீசிடம் போனில் என்ன சொல்வது, எப்போது சுடவே கூடாது என்றுதான் பேச்சு. வெர்னா அங்கேயே பணத்தைக் கட்டினாள்.

ஒலீட்டா அவளுக்குக் கொடுத்தது பெரிய, கனமான பிஸ்டல். "கனம்தான் உதையை வாங்கிக்கும். தோட்டா ஏத்தறப்போ மேல்பாகத்தை விரலால கிள்ளி இழுக்காதீங்க. வயித்தோட ஒட்டி வெச்சு, மேல முழுக் கையால பிடிச்சுக்கிட்டு, கீழ்க் கையை முன்னால தள்ளுங்க." தள்ளினாள். 'சடக்' என்று பின்னால் போய் வந்தது. வெர்னா சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சந்தோஷத்தில்தான்.

தொழிலாளர் தினம் வந்தது. ராய்ஸின் நிலத்தில் முப்பது பேர். அடுப்பில் விலா எலும்புக் கறி புகைந்துகொண்டிருந்தது. எல்லோரும் காதுக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். வெர்னா தோட்டா நிரப்பி நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்து ராய்ஸ், தட்டு கோணலாக இருக்கிறதென்று விறுவிறுவென்று முன்னால் நடந்தான். அங்கே எப்போதும் அப்படித்தான். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

வெர்னா தோட்டா முழுவதையும் கழற்றி, பிஸ்டலை மேஜையில் வைத்து, இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ராய்ஸ், இந்தப் பக்கம் வா."

"அட, நாப்பது வருஷமா இப்படித்தான் அண்ணி!"

"நாப்பது வருஷமா உனக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கு. ஆள் முன்னால நிக்கறப்போ நான் துப்பாக்கியைத் தொட மாட்டேன். வா."

தட்டை நிமிர்த்திவிட்டு ராய்ஸ் காது சிவக்கத் திரும்பி வந்தான். அவன் தன் பின்னால் வந்து நின்ற பிறகுதான் வெர்னா மறுபடி நிரப்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் நடுவில். நான்காவது ஓரத்தைக் கிழித்தது. ட்வைட் உதட்டைக் கடித்தான். வெர்னா அவசரப்படவில்லை, மூச்சை விட்டுவிட்டு ஐந்தாவதைச் சுட்டாள். அதுவும் நடுவில்.

வெர்னா பிஸ்டலைக் காலி செய்து வைத்தபின் ராய்ஸ் தட்டை எடுத்து வந்தான். "இந்த ஒண்ணு ஓரத்துலதானே..."

"தட்டுல பட்டிருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க," என்றாள் நடீன். அடுத்த மூச்சில், புருஷன் காதில் விழும்படியே, "வெர்னாக்கா, அந்த ஒலீட்டா நம்பரைக் குடுங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பெண்கள் போனை எடுத்தார்கள்.

ட்வைட் மெதுவாக அருகே வந்தான். அவன் வண்டியின் பின்புறம் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அம்மா தோற்றுவிடுவாள் என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு! வெர்னா அவற்றைப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"சரிம்மா. ஜெயிச்சுட்ட," என்றான் அவன்.

"ஒரு பெட்டியை எறக்கு. வீட்டுக்குப் போய்த் தக்காளி பறிச்சுப் போட்டுத் தரேன். மத்ததை நீயே கொண்டு போ."