அப்பா குளிக்கிறார்

போன் அடித்தால் பாப்பா முதலில் குளியலறைக்குத்தான் ஓடுவாள். ஊரிலிருந்து தாத்தா கூப்பிடுகிற ஒலி தனி. அவளுக்கு அது அத்துப்படி. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, வழுக்கும் காலுறையோடு கூடத்தைக் கடந்து, வாளிக்கு மேலிருக்கும் குழாயைத் திறந்துவிட்டு, கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து அவள் அம்மாவான என் அக்காவின் மடியில் உட்காருவாள். அவளுக்கு மூச்சு வாங்குவது அடங்கும்வரை அக்கா போனை எடுக்கமாட்டாள். பிறகு திரையில் என் அப்பாவின் நெற்றியும் மூக்குக் கண்ணாடியில் பாதியும் தெரியும். முழு முகத்தை அவர் இதுவரை எங்களுக்குக் காட்டியதில்லை.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"அப்பா குளிக்கிறாரு தாத்தா."

"இப்பவுமா? மனுஷனா மீனா? சளி பிடிக்கப் போகுது, வெளிய வரச் சொல்லு."

பாப்பா சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். உள்ளே வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை அது உண்மை. அன்று அத்தான் குளித்துக்கொண்டுதான் இருந்தார். வாசலருகே அவருடைய இரண்டு பெட்டிகளும் நின்றன. கத்த வேண்டியதையெல்லாம் அவரும் அக்காவும் முன்பே கத்தி முடித்திருந்ததால் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. குளித்து, தலை துவட்டி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவர் கிளம்பிப் போனார். அடுத்த வாரமும் தாத்தா கேட்டார், பாப்பா அதையே சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என் அப்பா அப்போதுதான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். "கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றாள் அக்கா. அந்தக் கொஞ்ச நாள் மழைக்காலத்தைத் தாண்டியது. குழாயைத் திறக்கச் சொல்லி யாரும் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

பெற்றோர் பிரிகிற பிள்ளைகளுக்காக நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு குழு கூடுவதை நான்தான் கண்டுபிடித்தேன். நடத்துகிறவர் நம் மொழிக்காரர் என்றதும் அக்கா பயந்துவிட்டாள். "வேற மொழிக்காரங்களா இருந்தா பரவாயில்லடா. நம்ம ஆளுங்கன்னா நாளைக்கே ஊரு பூரா தெரிஞ்சிடும்." அக்கா வேலை செய்கிற மருந்துக்கடைக்குச் சனிக்கிழமையும் விடுமுறை இல்லை. நான் மருத்துவமனைப் போர்வைகளைத் துவைக்கிற சலவைக்கூடத்தில் விடியற்காலை முறை வேலையை முடித்து வந்து பாப்பாவை அழைத்துப் போவேன். குழுவை நடத்துகிற அம்மாவைப் பிள்ளைகள் அத்தை என்றே கூப்பிட்டார்கள். குட்டையான மனுஷி. பிள்ளைகளுக்கு வைத்த பிஸ்கட்டில் பாதியை அவரே தின்றுவிடுவார். மற்றப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், களிமண்ணில் பேய் செய்தார்கள். பாப்பா மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை ஒரு பையன் "உங்கப்பா எங்க?" என்று கேட்டிருக்கிறான். "குளிக்கிறாரு" என்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே அவள் வாயைத் திறக்கவே இல்லை.

படிக்கட்டில் அத்தை என்னை நிறுத்தினார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. யாராவது நிறுத்தினாலே எனக்கு அப்படித்தான். விசாத் தாள்களைக் காட்டு என்பார்களோ என்றிருக்கும்.

"தம்பி, இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுவேன்னு பயப்படாதீங்க. குழந்தை பொய் சொல்லல. காவல் காக்குறா. காவலுக்கு நிறுத்தினவங்கதான் வந்து இறக்கி விடணும். நான் சொன்னா இறங்கமாட்டா. அவளோட அம்மா அப்பா ரெண்டு பேரும் சேர்ந்து வரணும்."

வீட்டில் நான் இதைச் சொன்னபோது, சேர்ந்து என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டாள். "அந்த மனுஷனோட ஒரே ரூம்லயா?" என்றாள். அத்தானிடம் போனில் சொன்னபோது அவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். அந்த ஒற்றுமையை இருவரிடமும் நான் சொல்லவில்லை.

ஆனால் வந்தார்கள். பெரியவர்கள் உட்கார அங்கே நாற்காலி இல்லை. அத்தான் முழங்கால் மார்பில் இடிக்க ஒரு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மஞ்சள் நாற்காலியில் கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாப்பா இருவருக்கும் நடுவில், யாருக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்ததுபோல. நான் கதவோரம் நின்றேன். அத்தை தலையாட்டினார்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "பாப்பா, அப்பா இப்ப வேற வீட்ல இருக்கேன்ல, அதை நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். டீச்சர்கிட்ட, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட. அப்பாவுக்குக் கோவம் வராது."

"அம்மாவுக்கும் வராது" என்றாள் அக்கா. "அழுகை வரும். வந்துட்டுப் போயிடும்."

பாப்பா காலுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "தாத்தாகிட்டயுமா?"

அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னா தாத்தாவுக்கு நெஞ்சு வலிக்கும்ல? அம்மா மாமாகிட்ட சொன்னாங்க, நான் கேட்டேன். அதான் தண்ணி திறந்து விடுறேன். தாத்தா நம்பணும்ல."

அத்தானுக்குப் புரியவில்லை. "என்ன தண்ணி?"

நான்தான் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எப்பவும் டக்குனு குளிச்சிட்டு வந்துடுவேனே பாப்பா."

"ஆமா, காக்கா குளியல்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று நினைவு வந்ததுபோலக் கீழே பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு இறங்கிப் பாப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "தாத்தா நெஞ்சைப் பாத்துக்கிறது உன் வேலை இல்லடி தங்கம். அதுக்கு டாக்டர் இருக்காரு, பாட்டி இருக்காங்க. தாத்தாகிட்ட அம்மா சொல்லிக்கிறேன். இன்னைக்கே."

"நெஜமா?"

"நெஜமா."

பேருந்து நிறுத்தத்தில் அக்கா என் பக்கம் போனை நீட்டினாள். வீட்டுச் செய்திகளை எழுதுகிறவன் நான்தான். சலவை மருந்தில் விரல் நுனிகள் வெடித்திருப்பதால் தட்ட முடியாது. நான் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும். பொத்தானை அழுத்தி, "அப்பா, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், இங்க மழை விட்டிருச்சு, உங்க உடம்பு எப்படி இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"சுத்தி வளைக்காத மாமா. பஸ் வந்துரும்" என்றாள் பாப்பா.

"முதல்ல ஊருல அம்மாவைக் கூப்பிட்டு அப்பா மாத்திரையைப் பக்கத்துல எடுத்து வெக்கச் சொல்லலாமாக்கா?" என்றேன்.

"நீ முதல்ல மூச்சு விடுடா." அக்கா போனை வாங்கிக்கொண்டாள். உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பாப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அப்பா. அவரும் நானும் பிரியறோம். அவர் இதே ஊர்லதான் இருக்காரு. பாப்பாவை நல்லாப் பாத்துக்கிறாரு. குளிக்கிறாருன்னு அவ சொன்னது எனக்காக. அவமேல வருத்தப்படாதீங்க." சொற்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவள் திருத்தவில்லை. அனுப்பிவிட்டு, பேருந்துக்குக் கை காட்டினாள்.

அப்பா படித்துவிட்டார் என்று வழியிலேயே தெரிந்தது. பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தோம், துணி மடித்தோம். போனை மேசை நடுவில் வைத்துவிட்டு மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அம்மாவைக் கூப்பிட நான் இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அது அடித்தது. அந்தத் தனி ஒலி.

பாப்பாவின் கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. காலுறை வழுக்குகிற சத்தம், பிறகு கதவு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு போனை எடுத்தாள். முதலில் இருமல் கேட்டது. பிறகு, என்றைக்குமில்லாமல், திரையில் அப்பாவின் முழு முகம். தாடி மழிக்காமல் இருந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கழுத்தை நீட்டி, எங்கள் கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எங்க என் பேத்தி? இன்னைக்குத் தண்ணி சத்தமே கேக்கலையே."

நான் போய்க் கதவைத் தள்ளினேன். கொடியில் அத்தானின் பழைய துண்டு காய்ந்து விறைத்திருந்தது. பாப்பா வாளிக்கு முன்னால் நுனிக்காலில் நின்றுகொண்டு, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை, இரண்டு கைகளாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.