எலுமிச்சம்பழம் வைக்க ஆள்

காளியண்ணன் ஒரு குடையை இடது காலோடு சேர்த்து வைத்துத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, காருக்குள் ஏறப் பார்த்தார். கோலாலம்பூரின் அந்தப் பளபளத்த ஷோரூமில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டுமே! செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் பதினாலு லோரிக்கு முதலாளி அவர். சொந்தப் பணத்தில் கார் வாங்க வந்தவனுக்கு என்ன வெட்கம்?

"காலு மடங்கக் கூடாது, அமீருல். அப்படித்தான் ஏறி இறங்கணும்" என்றார்.

விற்பனையாளன் அமீருல் மட்டும் சிரிக்கவில்லை. காளியண்ணன் ஊரான கலும்பாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அபுபக்கரின் மகன் அவன். காளியண்ணன் மனைவி புஷ்பவள்ளி இடது காலை மடக்க முடியாமல் கைத்தடி ஊன்றி நடப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

நெடுந்தூரம் அலுங்காமல் போவதற்கென்றே செய்த கார்கள் இரண்டு அங்கே நின்றன. நீலக் காருக்குக் கதவு இரண்டுதான், சீட்டு தரையோடு தரையாகக் கிடந்தது. குடை கட்டிய காலோடு உள்ளே விழுந்த காளியண்ணனை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. சாம்பல் காரில் பொத்தானை அமுக்கினால் சீட்டு உயர்ந்தது, பின்னால் நகர்ந்தது. யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்கினார்.

"ஆனா அண்ணே, இது காட்டுறதுக்கு மட்டும்தான் லா. ஆர்டர் போட்டா பதினோரு மாசம். நீலம் ரெண்டு வாரத்துல கிடைக்கும்."

பதினோரு மாசம். காளியண்ணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வள்ளியின் இடுப்பெலும்பைப் புற்று தின்றுகொண்டிருந்தது. வரும் தீபாவளியைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அவளிடம் இவர் எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருந்தார். நீலத்தை எடுத்தால், என்ன அவசரம் என்று கேட்பாளே! அதோடு ஒரு பைத்தியக்கார நப்பாசையும் இருந்தது. ஆர்டர் போட்டுவிட்டால், கார் வரும்வரை அவளும் இருப்பாள்.

கலும்பாங் வீட்டுக்கு வந்ததும் இரண்டு படங்களையும் அவள் மடியில் வைத்தார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஒரே லோரி இருந்த காலத்தில், பக்கத்து சீட்டில் அவள்தான் உட்கார்ந்து வருவாள். எஸ்டேட்டிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து எஸ்டேட், அவ்வளவுதான் அவள் கண்ட ஊர். "இந்த ரோடு வடக்கே எங்கங்க போய் முடியுது?" என்று கேட்பாள். "தாய்லாந்து எல்லையில. ஒரு நாள் நல்ல கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்பார். முப்பது வருஷமாகச் சொன்னதோடு சரி. லோரி பதினாலானதும் நேரமே இல்லாமல் போயிற்று. அதை நினைத்தால் இப்போது அவருக்கு நெஞ்சு எரிந்தது.

"சாம்பல் கார்தான் வள்ளி. உனக்கு வசதி. பதினோரு மாசம் ஆகும், ஆகட்டுமே, நமக்கென்ன அவசரம்?"

புஷ்பவள்ளி படத்தைத் தடவிப் பார்த்தாள். அவர் வாங்கிய பதினாலு லோரிக்கும் நாலு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவள் அவள்தான். அவள் வைக்காமல் எந்த வண்டியும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"பதினோரு மாசம் கழிச்சு வர்ற காருக்கு எலுமிச்சம்பழம் யாருங்க வைப்பா?" என்றாள்.

காளியண்ணன் சொன்ன பொய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான். டாக்டரைப் பார்த்துட்டு வந்த நாள்லேருந்து எங்கூட ஒரு சண்டைகூடப் போடலையே."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் அமீருலைப் போனில் கூப்பிட்டார்.

இரண்டு வாரத்தில் நீலக் கார் வாசலில் நின்றது. அவளால் குனிய முடியவில்லை. பழத்தைத் தரையில் போட்டு, கைத்தடி நுனியால் சக்கரத்தடிக்குத் தள்ளினாள். நாலையும் அப்படியே தள்ளி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. உதவிக்கு வந்த காளியண்ணனைத் தடியாலேயே விலக்கினாள். பிறகுதான் அவர் அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். அடக் கடவுளே, எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாள்!

"அடுத்த லோரிக்கு நீங்களே வையுங்க. சக்கரத்துக்கு நேரா வைக்கணும். ஓரமா வச்சா நசுங்காது" என்றாள்.

"இனிமே நான் வண்டியே வாங்க மாட்டேன் வள்ளி."

"அப்புறம் பொழப்பு எப்படி ஓடும்? நேரா வைக்கணும், கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார்.

கார் நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின. அவள் வடக்கே கை காட்டினாள்.