சர்வேயருக்கு ஒரு சோம்பேறிச் செடி

சர்வேயர் செத்து ஒன்றரை வருடம் ஆகியும் அவர் பெண்டாட்டி தையல்காரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது மூக்குக்கண்ணாடி முதல் காலுறை வரை தேடிக் கொடுத்தாள். ஆள் மண்ணுக்குள் போன பிறகும் வேலை வைத்தார். கல்லறையில் வாராவாரம் களை பிடுங்க வேண்டும். பிடுங்காவிட்டால் கல்லறைத் தோட்ட அலுவலகத்தார் மேலே சிமெண்ட் பூசிவிடுவார்கள். அங்கே அதுதான் விதி. இந்த லட்சணத்தில் நாத்தனார், அதாவது சர்வேயரின் தங்கை, ரோஜாதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தையல்காரியின் முழங்கால் மிஷின் மிதித்தே தேய்ந்தது. மண்டி போட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனால் சிமெண்ட் பூச விடவும் அவளுக்கு மனசு வரவில்லை. கழிவுத் தொட்டிக்குத்தான் அப்படி மூடி போடுவார்கள், கட்டின புருஷனுக்கா?

நர்சரிக்காரரிடம் போய் நின்றாள்.

"வேலையே வைக்காத செடி ஏதாவது இருக்கா?"

"தரையோட படர்ற கொடி ஒண்ணு இருக்கும்மா. சோம்பேறிச் செடின்னு சொல்வோம். வெயிலோ குளிரோ, வருஷக்கணக்கா கிடக்கும். களையைத் தலையெடுக்க விடாது."

"தண்ணி?"

"வேர் பிடிக்கிற வரைக்கும் ஊத்துங்க. அப்புறம் மறந்துடுங்க. கோவிச்சுக்காது."

இருபத்து மூன்று வயதில் இப்படி ஒன்றைப் பார்த்துக் கட்டிக்கொள்ளாமல் போனோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு தட்டு நாற்று வாங்கிப் போய், முக்காலி போட்டு உட்கார்ந்து, சாண் இடைவெளியில் நட்டாள்.

நாத்தனார் வந்து பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "எங்கண்ணன் மேல புல்லை நட்டு வெச்சிருக்கீங்களே அண்ணி! ஆடு மேயறதுக்கா?"

"மேஞ்சா மேயட்டும். உங்கண்ணனால ஒரு ஜீவனுக்காவது பிரயோஜனம் ஆகட்டும்."

இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம் நான்கு மாதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் பத்து மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. தூக்கம் அதைவிட நன்றாக இருந்தது.

பிறகு கடிதம் வந்தது. கொடி இடதுபக்கக் கல்லறையை ஓர் அடி ஆக்கிரமித்திருக்கிறது, ஆகவே அதைப் பிடுங்கிவிட்டு சிமெண்ட் பூசப்படும். காலமெல்லாம் ஊரார் வேலியை ஆக்கிரமிப்பு என்று எழுதித் தள்ளிய மனுஷனுக்கு, செத்த பிறகு ஆக்கிரமிப்பு நோட்டீஸ்! தையல்காரி சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறியது. கடைசி வரியை மறுபடி படித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். அலுவலகக் குமாஸ்தா அளவு நாடாவோடு நின்றிருந்தார். கொடி பச்சைப் பசேலென்று செழித்து, பக்கத்துக் கல்லறையின் கல் மேல் ஏறிப் படுத்திருந்தது.

"பாருங்கம்மா. அவங்க கல்லு ஓரத்துலேருந்து ஒரு அடி."

"கட்டினதை வெச்சா அளப்பாங்க? எல்லை முளையை வெச்சு அளங்க! கல்லை எவன் வேணா எங்க வேணா கட்டுவான். முளை நகராது!"

இடம் ஒதுக்கும்போது மூலைக்கு ஒன்றாக அடித்த இரும்பு முளைகளில், வலதுபக்க முளை மண்ணுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. தையல்காரி நாடாவைப் பிடுங்கி அதில் மாட்டினாள். "இடம் நாலடி அகலம்தானே? மறுமுனையைப் பிடிங்க. தொய்ய விடாதீங்க!"

நாலடி போய் முடிந்த இடம் பக்கத்துக் கல்லின் மேலேயே இருந்தது. கொடியோ அதற்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தது.

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "ஆக்கிரமிச்சது அவங்கதாம்மா. செடி இருக்கட்டும், சிமெண்ட் வேண்டாம்."

நாத்தனார் நாடாவையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணி... அப்படியே அண்ணன் பேசினா மாதிரியே இருக்கு."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடம் சாப்பாட்டு மேஜையில் இந்த முளைப் புராணம்தான். ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கியதில்லை என்றல்லவா நினைத்திருந்தாள்? கைக்கு எட்டிய கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"சண்டை போட ஆளில்லாம இருக்கேண்டி," என்று நாத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

நாத்தனாருக்கும் கண் நிறைந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழுங்க அண்ணி. ஆனா இந்தப் பக்கமா வந்து அழுங்க. அது அவங்க கல்லு."

"கல்லுதான் அவங்களுது," என்று மூக்கை உறிஞ்சினாள் தையல்காரி. "இடம் நம்மளுது."