துக்க வீட்டுத் தண்ணீர்

சேசம்மாள் குடத்தோடு வந்ததும் குழாயடியில் வரிசை விலகிக்கொண்டது. தாராவியின் அந்தச் சந்தில் துக்க வீட்டுக்கு வரிசை கிடையாது. செத்தது யார், கும்பிடுவது எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை; காலைத் தண்ணீர் முதலில் அந்த வீட்டுக்குத்தான். ஒரு செம்புத் தண்ணீருக்குத் தலைமுடியைப் பிடிக்கிற பேராச்சிகூடத் தன் பக்கெட்டைக் காலால் தள்ளி இடம் விட்டாள். ஆனால் குடம் நிறைந்தபிறகு அதைத் தூக்கிவிட ஒரு கையும் வரவில்லை. சேசம்மாள் தானே குனிந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் காதில் விழட்டும் என்றே பேராச்சி பேசினாள்.

"ஊரான் பொணத்துக்கெல்லாம் முன்னால ஓடுவா. பெத்த அப்பன் மூச்சுக்குத் தவிக்கையில டூட்டி பாக்க மாட்டேன்னுட்டாளாம்."

அவள் மறுத்தது உண்மை. அதனால் சேசம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் எந்தச் சாவுக்கும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, மூக்கில் பஞ்சு வைப்பது எல்லாம் அவள் கைவேலை. சேசு கை பட்டால் செத்தவர் தூங்குகிற மாதிரி இருப்பார் என்று பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நேற்றுச் சாயங்காலம் செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா மரியசூசையைக் கொண்டுவந்து இறக்கியபோது மட்டும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அப்பாவின் தங்கை ஏஞ்சலம்மாள் வாசலிலேயே கையை நீட்டி மறித்துவிட்டாள்.

"நீ தொடாதட்டி. உசிரோட இருக்கையில பாக்காதவ, இப்ப எதுக்குத் தொடுதே?"

சேசம்மாளின் புருஷன் மிக்கேல்ராஜ்தான் தன் கைக்குட்டையால் தாடையைக் கட்டினான். நேரம் கடந்து கட்டியது, அதுவும் தளரக் கட்டியது. அப்பாவின் வாய் திறந்தபடியே விறைத்துப்போயிற்று. இரவெல்லாம் சேசம்மாள் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அத்தை ஒப்பாரிக்கு நடுவே அவளைத் திட்டினாள், திட்டுக்கு நடுவே அழுதாள். மிக்கேல்ராஜ் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தபடி இருந்தான். பாவம், மாமனாரை நினைத்து உருகுகிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

இப்போது அத்தை வாசலிலேயே குடத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே ஆண்கள் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். சேசம்மாள் ஈர இடுப்போடு வெளியே நின்றாள்.

ஆஸ்பத்திரியில் மாடியில் ஒரு வார்டு, கீழே ஒரு வார்டு. எல்லையில் சண்டை வந்தபோது இரண்டு நர்ஸுகள் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; சண்டை முடிந்தும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒருத்தியே மாடிக்கும் கீழ் வார்டுக்கும் ஓடவேண்டும். கேட்டால் மேட்ரன், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பாள். போன வாரம் சேசம்மாள் மாடியில் இருந்த நேரத்தில் கீழே ஒரு கிழவர் கை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ரத்தத்தில் கிடந்தார். அவர் பிழைத்தது அவருடைய நல்ல காலம். அன்றைக்கு அவளும் கூட வேலை பார்க்கும் ஷ்யாமளாவும் மேட்ரன் முன்னால் போய் நின்றார்கள். இரண்டு வார்டுக்கு ஒருத்தியாக இனி வரமாட்டோம், இரண்டு பேரைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வார்டை மூடுங்கள் என்றார்கள். படியிறங்கும்போது ஷ்யாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஸ்திரமா இருந்தா நானும் இருப்பேன்" என்றாள். ஷ்யாமளா மாட்டுங்காக்காரி, சின்ன வயதில் தாலியறுத்து, வீட்டாரோடு மல்லுக்கட்டி நர்ஸ் படிப்புக்கு வந்தவள். அவள் சொல்லைச் சேசம்மாள் வேதம்போல நம்பினாள்.

பிறகுதான் அப்பாவுக்கு நிமோனியா வந்தது. கீழ் வார்டிலேயே சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் அவளுக்கு டூட்டி போட்டார்கள்; அதுவும் ஒருத்திக்கு இரண்டு வார்டு. பார்க்கமாட்டேன் என்று மறுத்ததை அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆயுசெல்லாம் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். மூச்சுக்கு நடுவே விட்டு விட்டுப் பேசினார்.

"சுண்ணாம்புத் தொட்டியில ஒருத்தன் எறங்கினா... மேல ஒருத்தன் நிக்கணும். நிக்க ஆளில்லன்னா எறங்கமாட்டோம். மொதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் எறங்கமாட்டோம். நீ சொன்னது சரிதான்ளா."

டூட்டி மறுத்தவள் வார்டுக்குள் நிற்கக்கூடாது என்று மேட்ரன் அவளை வெளியே அனுப்பினாள். கேட்டுக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வேறு வழியில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். கீழ் வார்டில் மோசமாக இருந்தவர்களை ஏற்றிப்போக வண்டியும் வந்து நின்றது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து ஷ்யாமளா வெள்ளைச் சேலையில் வந்தாள். இவளைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். ஆள் வந்தாயிற்று என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொழுது சாயும் முன்னே அப்பா போய்விட்டார்.

குளிப்பாட்டி முடித்து வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஷ்யாமளா சந்துக்குள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சேசம்மாளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாடியில ஒருத்திக்குப் பிரசவமாகி ரத்தம் நிக்கலை. அவளை விட்டுட்டு எப்படி இறங்குவேன்? இறங்கி வரச்சே அப்பாவோட ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி. எத்தனை நேரமாக் காலியா இருந்ததோ, தெரியலை."

"நீ ஏன் போனே?" என்றாள் சேசம்மாள். "ரெண்டு பேரும் சேந்துதானே சொன்னோம். நீ போகலன்னா அப்பா அந்த வண்டியில ஏறியிருப்பாரு."

ஷ்யாமளா அவளையே பார்த்தாள்.

"நீதானே சொல்லியனுப்பினே."

"நானா?"

"உங்காத்துக்காரர் மாட்டுங்காவுக்கே வந்தாரே. சேசுதான் அனுப்பிச்சா, அவளுக்குக் கேக்க வாய் வரலை, அப்பாவுக்காக இந்த ஒரு தடவை போயிடுன்னு கையெடுத்துக் கும்பிட்டார். நீ வெளியில நல்ல பேரோட நிப்பே, நான் உள்ள போய் மாட்டிக்கணுமான்னு வயித்தெரிச்சலாத்தான் இருந்தது. ஆனாலும் அப்பாவாச்சேன்னு போனேன். கேட்டுல உன் மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலை."

கேட்டில் ஷ்யாமளா வெட்கத்தில் முகம் திருப்பினாள் என்று இவள் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். சேசம்மாள் ஷ்யாமளாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் அனுப்பல" என்று மட்டும் சொன்னாள். ஷ்யாமளாவுக்குப் புரிய அது போதுமாக இருந்தது. அவள் கண்கள் மெதுவாக வாசல் பக்கம் போயின.

மிக்கேல்ராஜ் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மாலைக்கு நூல் பிரித்துக்கொண்டிருந்தான். சேசம்மாள் போய் அவன் எதிரில் நின்றாள்.

"மாட்டுங்காவுக்குப் போனீங்களா?"

நூல் அவன் விரலில் சிக்கிக்கொண்டது.

"மேட்ரன் என்னையக் கூப்பிட்டு... வண்டியில போற வழியில உசிரு போனா யாரு பொறுப்புன்னு கேட்டா. பயந்துட்டேன்ளா."

"ஆஸ்பத்திரி வாசல்ல எங்கிட்ட டீ குடிச்சுட்டு வாரேன்னுதானே போனீங்க."

அவன் சிக்கிய நூலை இழுத்தான்.

"சரி, பயந்தீங்க. அப்பா மேல உள்ள பாசம். அத நான் தப்புச் சொல்லல. ராத்திரி பூரா அத்தை என்னைய அந்தப் பேச்சு பேசுனாங்களே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சொன்னா எல்லாரும் என்னையில்லா..." என்று ஆரம்பித்தவன் மீதியை விழுங்கிக்கொண்டான்.

அவன் பயந்து ஓடியதை அவளால் மன்னித்துவிட முடியும்போல இருந்தது. அப்பாவின் மூச்சைக் கேட்டவர் யாருக்கும் பயம் வரும். ஆனால் விடிய விடிய அவளைத் தின்னக் கொடுத்துவிட்டுத் தான் தப்பித்து உட்கார்ந்திருந்தானே, அது அவள் நெஞ்சை அறுத்தது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் அவள் நின்றிருக்க, மேலே நிற்கவேண்டியவன் நழுவிப் போயிருந்தான். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

பெட்டி வந்தது. மூடுமுன் அத்தை என்ன நினைத்தாளோ, "வாட்டி, முத்தி செஞ்சுக்க" என்றாள். சேசம்மாள் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். திறந்திருந்த வாயைத் தொட்டுப் பார்த்தாள். இனி அவள் கையாலும் அதை மூட முடியாது. தளர்ந்த கைக்குட்டையை அவிழ்த்து அத்தையிடம் கொடுத்துவிட்டு விலகினாள்.

கோயிலில் பூசை முடிந்ததும் ஆண்கள் கல்லறைக்குப் போனார்கள். பெண்கள் வீடு திரும்பினார்கள். அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு வாசலில் நின்று மகள்தான் கைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். அந்த வேலையை மட்டும் அத்தையால் வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. குழாய் அதற்குள் நின்றுபோயிருந்தது. பேராச்சி தன் பக்கெட்டைக் கொண்டுவந்து முகம் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியிருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து கைகளை நீட்டினார்கள். சேசம்மாள் பக்கெட்டிலிருந்து செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினாள். கல்லறை மண் கரைந்து சாக்கடையில் ஓடியது. சிலர் "வாரோம் தாயி" என்றார்கள், சிலர் கையை உதறிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக மிக்கேல்ராஜ் வந்தான். விரலிடுக்கெல்லாம் செம்மண். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான்.

செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. சேசம்மாள் அதைக் குனிந்து வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏட்டி, அவனுக்கு?" என்றாள் அத்தை.

அத்தை திரும்பி மிக்கேல்ராஜின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஷ்யாமளா வேறு பக்கம் பார்த்தாள்.

உள்ளே சேசம்மாள் அப்பாவின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிக் கட்டி மூலையில் சாத்தி வைக்கும்வரை வாசலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை.