புண்ணியாளன் காத்த பெடல்

கல்யாணப் பெண் லில்லிக்குட்டி வெள்ளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் படியில் கால் வைக்கும்போதுதான் த்ரேசியா பானெட்டைத் திறந்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவள் புருஷன் வர்க்கி ஹாரனை அழுத்தினான்.

"எடியே, மூடு அதை. நேரமாச்சு."

"இன்னைக்குக் குருசடியில நிறுத்துவீங்களா இச்சாயா?"

"ஏது நேரம்? திரும்பி வர்றப்ப ரெண்டு மெழுகுவர்த்தியா ஏத்திட்டாப் போச்சு. புண்ணியாளன் கோவிச்சுக்க மாட்டார்."

முந்தாநாள் மலைச்சுரம் இறங்கும்போது த்ரேசியாவும் வண்டியில் இருந்தாள். புனிதரின் வழியோரச் சிலுவைக் கோயிலான அந்தக் குருசடிக்கு மேலே உள்ள வளைவில் பிரேக் பெடல் சத்தமில்லாமல் தரைவரைக்கும் போனது. வர்க்கி கியரைக் குறைத்து, மண்மேட்டில் உரசி, எப்படியோ குருசடி முன்னால் வண்டியை நிறுத்திவிட்டான். மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலிட்டு, ஒரு பீடியும் பிடித்துவிட்டு வந்து மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நின்றது. புண்ணியாளன் கைகொடுத்தார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவளும் புண்ணியாளனை நம்புகிறவள்தான். ஆனால் ஜெபம் முடிவதற்குள் கொதித்துக் கிடந்த சக்கரம் ஆறிவிட்டதையும் அவள் பார்த்திருந்தாள். போன மழைக்காலத்திலும் இதே கதைதான் நடந்தது. நேற்றே சந்தைக்குப் போய்ப் புது பிரேக் ஆயில் வாங்கி ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தாள். அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இந்த பிரேக் ஆயில எப்ப மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்? குறையக் குறைய ஊத்துறேன்ல? ஆயில் டப்பா நிறைய இருக்கு பாரு."

"நிறையத்தான் இருக்கு, கட்டன் சாயா மாதிரி கறுத்துப்போயி. மூணு மழையோட ஈரத்தையும் குடிச்சு வெச்சிருக்கு. சூடானா உள்ளேயே ஆவியாயிரும். அப்புறம் மிதிச்சா ஆவிதான் அமுங்கும், வண்டி நிக்காது."

"வந்துட்டா பெரிய மேஸ்திரி! கல்யாண வீட்டுல என் மானத்த வாங்காதடி."

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் மாமா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மற்ற ஜீப்புகளெல்லாம் விருந்தாளிகளோடு ஏற்கெனவே மலையடிவாரச் சர்ச்சுக்கு இறங்கிப் போய்விட்டன.

மானம் போனால் போகட்டும் என்று த்ரேசியா முடிவு செய்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நல்ல புடவை என்றும் பாராமல் பின்சக்கரத்தருகே ஜீப்புக்கு அடியில் படுத்து, பிரேக் ஆயில் வடியும் திருகை அவிழ்த்தாள். கறுத்த எண்ணெய் மண்ணில் சொட்டியது.

"இனி நீங்களே நினைச்சாலும் வண்டிய மலையிறக்க முடியாது" என்றாள். "பெடல மிதிக்க ஒரு ஆள் வாங்க."

வர்க்கி இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பலாமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். வேறு யாரும் அசையவில்லை. மாமா ஏதோ கத்தத் தொடங்கினார். அதற்குள் லில்லிக்குட்டி செருப்பைக் கழற்றிப் போட்டாள். புடவையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வர்க்கியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"சேச்சி, அழுத்தவா?"

"அழுத்து மோளே. நான் சொல்றவரைக்கும் எடுக்காத."

ஒவ்வொரு மிதிக்கும் எண்ணெய் கறுப்பாகவே வந்தது.

"டப்பா காலியாகுறதுக்குள்ள யாராவது பின்சீட்டுக்கு அடியில இருக்குற புதுச ஊத்தணும்" என்று த்ரேசியா யாரையும் பார்க்காமல் உரக்கச் சொன்னாள். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவளுக்குப் பலாமரத்தடியில் இருந்த வர்க்கியின் செருப்புகள் மட்டுமே தெரிந்தன. அவை மெல்ல இந்தப் பக்கம் திரும்பின.