இஸ்திரி போட்ட வாசனை

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாங்கிய அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன். இதன் பிறப்பு அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. பாதியில் நிற்கும் நாவலை முடிக்கிறேன் பேர்வழி என்று அவள் வீட்டு மாடியறையில் வந்து உட்கார்ந்தவன் நான். கீழே இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தால் எவனுக்கு நாவல் ஓடும்?

"நீ எழுதினா அதுல நான் முட்டாளாத்தான் வருவேன்" என்றாள். சேச்சே, இல்லை என்றேன். பார்க்கலாம்.

2

முதல் தொடக்கம்: "ராட்சசக் குட்டி ஒன்று அந்தச் சின்ன வீட்டுக்குள் நுழைந்தபோது" — வேண்டாம். குட்டி பாவம், நாலு மாதம்தான் ஆகிறது.

இரண்டாவது: "என் பெயர் பட்டன். என் எடை மூன்று கிலோ. நான்" — அடச்சே. நாய் பேசுகிற கதையை எழுதினால் எனக்கு அடுத்த வேளை சோறு இறங்காது.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி சொல்வது. அக்கா தையல்காரி. பதினோரு வருடம் தனியாக இருந்தவள். பட்டன் அவள் வளர்க்கும் ஒன்பது வயதுச் சின்ன நாய். தையல் மெஷினுக்குக் கீழே, வெட்டுத்துணிக் கூடையில்தான் எப்போதும் படுத்திருப்பான். ஐம்பத்திரண்டு வயதில் அக்கா ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா ஒரு பெட்டி, ஒரு டூல்ஸ் பை, பொடியன் என்ற பெரிய ஜாதி நாய்க்குட்டி ஆகியவற்றோடு வந்து இறங்கினார். பொடியன் இப்போதே பதினெட்டு கிலோ. விளையாட்டாக முன்னங்காலைத் தூக்கிப் போட்டால் போதும், பட்டனின் முதுகெலும்பு அவ்வளவுதான்.

அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். "ரெண்டு வாரம் பார்ப்போம். இதுங்க ஒத்துப்போகலேன்னா நீங்க உங்க பழைய வீட்டுலயே இருங்க, நான் இங்க இருக்கேன். அதுக்காகச் சண்டையெல்லாம் வேணாம்."

"சரி" என்றார் மாமா. அந்த வாடகை வீட்டை அவர் இன்னும் காலி செய்யவில்லை. இருக்கப் போகிறாரா இல்லையா என்று வீட்டுக்காரர் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

3

மாமாவை நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது. மனிதராக அல்ல, கதாபாத்திரமாக. இவ்வளவு பொறுமைசாலியை எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன்: "கோபத்தில் அவர் டம்ளரை" — எறியவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற ஆள் அவர். தேடித் தேடி ஒரே ஒரு குறை கண்டுபிடித்தேன். எந்தக் கதவையும் மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். தொழில் புத்தி. கூடத்துக்கும் தையலறைக்கும் நடுவில் கம்பிவலைக் கதவு போட்டதும் அவர்தான். பொடியன் கூடத்தில், பட்டன் தையலறையில். மாமா தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்தக் கதவை க்ளிக், க்ளிக், க்ளிக். எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

4

கால்நடை டாக்டரம்மா சொன்ன வழி இது. "எடுத்தவுடனே நேருக்கு நேர் விடாதீங்க. முதல்ல வாசனை பழகட்டும். பட்டன் படுத்த துணியப் பொடியன்கிட்ட போடுங்க, பொடியன் துணிய பட்டன்கிட்ட. தினமும் மாத்துங்க. வாசனை பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது."

அக்கா சிரத்தையாகச் செய்தாள். பத்து நாள் தவறாமல் துணி மாறியது. பட்டன் அந்தத் துணியைச் சட்டையே செய்யவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் தெரிந்த பொடியனைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்தான். பொடியனோ வாலை ஆட்டி, ஆசையாக ஓடி வந்து, வலையில் மோதி மல்லாந்து விழுந்தான்.

"இது சரிப்படாதுடா" என்று அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். முகம் சுண்டிப் போயிருந்தது. நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சோகமான முடிவு ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். எழுதுகிறவனைத் தம்பியாக வைத்திருப்பவர்கள் பாவம்தான்.

5

வெள்ளிக்கிழமை மாமா வேலையிலிருந்து சீக்கிரம் வந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன், அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையில் விரித்திருந்தது பொடியனின் துணி.

"என்ன பண்றே?"

"மாத்தணும்ல? அதான் துவைச்சுத் தேய்க்கிறேன்."

"தினமும் துவைச்சா குடுத்தே?"

"பின்னே, அழுக்கோடவா குடுப்பாங்க? இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு துணிய தேய்க்காம நான் யார் கையிலயும் குடுத்ததில்ல."

மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நாயப் பழக்கச் சொன்னா, பத்து நாளா சோப்பப் பழக்கியிருக்கியே தாயே!"

(நானும் குற்றவாளிதான். தினமும் அந்தத் துணிகள் கொடியில் காய்வதை மாடியிலிருந்து பார்த்தேன். 'காற்றில் ஆடும் இரண்டு சதுரங்கள்' என்று அழகாகக் குறித்தும் வைத்தேன். மண்டையில் உறைக்கவில்லை.)

அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தாள். "எனக்கே இன்னும் பழகலைங்க. குளியலறையில ரெண்டு துண்டு தொங்கறதப் பார்த்தா திக்குனு இருக்கு. பட்டனச் சாக்கு வச்சு உங்களை அனுப்பிடலாம்னு மனசுக்குள்ள இருந்திருக்கு போல."

மாமா எழுந்து இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார். "எனக்கும் இங்க சரியா தூக்கம் வரல" என்றார். "நல்லா தூங்கறேன்னு தினமும் பொய்தான் சொன்னேன்."

அப்பாடா, ஒரு பொய்! இப்போது எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தச் சூடான துணியை எடுத்துப்போய் அவர் பொடியனின் உடம்பு முழுக்கத் தேய்த்தார்.

6

இன்று ஞாயிறு. துவைக்காத துணி மாற ஆரம்பித்து இரண்டு நாள் ஆகிறது. பட்டன் நேற்று பொடியனின் துணியை முகர்ந்தான், தும்மினான், கூடையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டான். பிறகு போய் அதன் ஓரத்திலேயே உட்கார்ந்தான். நல்லதா கெட்டதா என்று போனில் கேட்டால் டாக்டரம்மா, "பார்க்கலாம்" என்கிறார்.

முடிவுகள் கைவசம் மூன்று.

அ) பட்டன் பொடியனின் வயிற்றில் சாய்ந்து தூங்குகிறான். (காலண்டர் படம்.)

ஆ) பொடியன் ஆசையாக முன்னங்காலைத் தூக்கி — (முடியாது. என் கை எழுத மறுக்கிறது. அந்த அற்ப சந்தோஷத்துக்கு மன்னித்துவிடுங்கள்.)

இ) நாய்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் மனிதர்கள் —

"டேய்!" கீழேயிருந்து அக்கா. "எழுதினது போதும், இறங்கி வா. வலையத் திறக்கப் போறோம். பொடியன் கயித்த இவர் பிடிச்சிருக்கார். பட்டன நீ பிடி."

"ஏன், நீ பிடியேன்!"

"எனக்கு பயமா இருக்குடா. நான் இவரப் பிடிச்சுக்கிறேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி அவரிடம் சொல்கிறாள். எனக்கு மாடிக்குக் கேட்கிறது. "இதுங்க சேர்ந்தாலும் சரி, சேராட்டியும் சரி, சாயங்காலம் போய் பழைய வீட்டுச் சாவியக் குடுத்துட்டு வந்துடுங்க. சேரலேன்னா வலை பாட்டுக்கு நடுவுல இருந்துட்டுப் போகட்டும்."

யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பொடியனாகவும் இருக்கலாம்.

நான் பேனாவை வைக்கிறேன். பட்டனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பொடியனைக் கொஞ்சம் மெதுவாக நடத்தி வாருங்கள்.